பிரிட்டனில் ஓய்வூதியர்களின் வங்கிக் கணக்கை அரசு பார்க்குமா? சட்டம் சொல்வதும் சொல்லாததும்

‘பென்ஷன் வாங்குகிற எல்லாருடைய பேங்க் கணக்கையும் இனி அரசாங்கம் பார்க்கும்’ என்று பிரிட்டனில் ஒரு தகவல் சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. லண்டனில் இருக்கும் பெற்றோரைப் பற்றிக் கவலைப்பட்டு, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள்கூட அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கிறார்கள். இந்தத் தகவலில் பாதி 2023இல் வந்து செத்துப்போன ஒரு மசோதாவிலிருந்து வந்தது. மீதிப் பாதி 2025 டிசம்பரில் நிறைவேறிய வேறொரு சட்டத்திலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து குழம்பிவிட்டன. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிய, இரண்டையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று பெயர்கள்

1. ஸ்டேட் பென்ஷன். வேலை செய்த காலத்தில் கட்டிய தேசியக் காப்புறுதிப் பங்களிப்பின் அடிப்படையில் கிடைப்பது. கையில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கோடீஸ்வரருக்கும் உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ போய் நிரந்தரமாகத் தங்கினாலும் வந்துகொண்டிருக்கும். என்ன, அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடைக்காது.

2. பென்ஷன் கிரெடிட். வருமானம் குறைவாக உள்ள ஓய்வூதியர்களுக்கு அரசு போட்டுத் தரும் மேல்தொகை. 2025-26இல் தனிநபரின் வார வருமானம் 227.10 பவுண்டுக்கும், தம்பதியின் வார வருமானம் 346.60 பவுண்டுக்கும் கீழே இருந்தால் அந்த அளவுவரை நிரப்பிக் கொடுத்தார்கள். இதற்குச் சேமிப்பையும் பார்ப்பார்கள், நாட்டில் இருக்கிறாரா என்பதையும் பார்ப்பார்கள்.

3. டி.டபிள்யூ.பி. இந்த இரண்டையும், வேலை செய்யும் வயதினருக்கான யுனிவர்சல் கிரெடிட் போன்றவற்றையும் வழங்கும் அமைச்சகம்.

ஸ்டேட் பென்ஷன் மட்டும் வாங்குகிறவர் ஒரு பக்கம், பென்ஷன் கிரெடிட்டும் சேர்த்து வாங்குகிறவர் இன்னொரு பக்கம். புதிய சட்டம் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. வாட்ஸ்அப் தகவலில் காணாமல் போவதும் இந்தக் கோடுதான்.

பழைய அதிகாரம் என்னவாக இருந்தது

அரசு இதுவரை யாருடைய கணக்கையும் பார்த்ததே இல்லை என்பதும் உண்மையில்லை. 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டமும், 2001இல் வந்த மோசடித் தடுப்புச் சட்டமும் டி.டபிள்யூ.பி. அதிகாரிகளுக்கு வங்கியிடம் எழுத்து மூலம் விவரம் கேட்கும் உரிமையைக் கொடுத்திருந்தன. ஆனால் ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட ஒரு நபர் மோசடி செய்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். பெயர் முதலில், சந்தேகம் அடுத்து, விவரம் கடைசியில்.

வரித்துறை கதையே வேறு. சேமிப்புக் கணக்குகளில் யாருக்கு எவ்வளவு வட்டி கொடுத்தோம் என்று வங்கிகள் ஒவ்வோர் ஆண்டும் வரித்துறைக்கு அனுப்புகின்றன. அதற்குச் சந்தேகம் எதுவும் தேவையில்லை. நாடுகளுக்கு இடையிலும் கணக்கு விவரப் பரிமாற்றம் 2017 முதல் நடக்கிறது. பிரிட்டனில் வரி செலுத்தும் ஒருவர் சென்னையில் வைத்திருக்கும் வைப்புத்தொகையின் விவரம் இந்தியாவிலிருந்து பிரிட்டன் வரித்துறைக்குப் போக வழி இருக்கிறது. ‘ஊரில் போட்டால் யாருக்குத் தெரியும்’ என்ற காலம் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன.

ஆக, எல்லோருடைய விவரமும் மொத்தமாகப் போவது பிரிட்டனுக்குப் புதிதில்லை. நலத்தொகை நிர்வாகத்துக்குள் அந்த முறை வருவதுதான் புதிது.

2023: எல்லோரையும் வளைத்த திருத்தம்

கன்சர்வேட்டிவ் அரசு 2023 நவம்பரில், ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் இருந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவுக்குள் திடீரென ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. நலத்தொகை பெறுவோரின் கணக்குகளை வங்கிகள் தொடர்ந்து சோதித்து, தகுதி மீறலின் அறிகுறி இருந்தால் டி.டபிள்யூ.பி.க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நலத்தொகை என்பதற்கு அதில் கொடுத்த வரையறை மிக அகலமானது. ஸ்டேட் பென்ஷனும் அதற்குள் வந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கும் தொகை அது.

ஸ்டேட் பென்ஷனில் பயன்படுத்தும் எண்ணம் இப்போதைக்கு இல்லை என்று அமைச்சர்கள் சொன்னார்கள். எண்ணம் இல்லையென்றால் சட்டத்தில் எதற்கு என்று பிரபுக்கள் சபையில் திருப்பிக் கேட்டார்கள். மூத்தோருக்கான ஏஜ் யூகே, அந்தரங்க உரிமைக்கான பிக் பிரதர் வாட்ச் ஆகிய அமைப்புகள் எதிர்த்தன. தகவல் ஆணையர் ஜான் எட்வர்ட்ஸ், மோசடியைத் தடுப்பது நியாயமான நோக்கம்தான், ஆனால் இவ்வளவு பெரிய தலையீடு அந்த நோக்கத்துக்கு அளவானது என்று காட்டும் சான்றைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்ற கருத்தை முன்வைத்தார்.

2024 மே மாதம் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. கணக்குப் பார்க்கும் திட்டம் பற்றிய பழைய கட்டுரைகளும் காணொளிகளும் மட்டும் காலாவதியாகாமல் இன்றும் பகிரப்படுகின்றன. குழப்பத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

2025 சட்டம் எப்படி வேலை செய்யும்

லேபர் அரசு 2025 ஜனவரி 22 அன்று புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. பொது அமைப்புகளின் மோசடி, பிழை, மீட்பு பற்றிய அந்த மசோதா 2025 டிசம்பரில் மன்னரின் ஒப்புதல் பெற்றுச் சட்டமானது. அதில் பல அதிகாரங்கள் உள்ளன. நம் விஷயத்துக்கு உரியது ‘தகுதி சரிபார்ப்பு நடவடிக்கை’. அதன் படிகள்:

1. டி.டபிள்யூ.பி. ஒரு வங்கிக்கு அறிவிப்பு அனுப்பும். எந்த நலத்தொகை, எந்த அளவுகோல் (சேமிப்பு வரம்பு, வெளிநாட்டுத் தங்கல் போன்றவை) என்று அதில் இருக்கும். யாருடைய பெயரும் அதில் இருக்காது.

2. அந்த நலத்தொகை வந்து விழும் கணக்குகளை வங்கி தானே தேடி எடுக்கும்.

3. அளவுகோலைத் தாண்டிய கணக்குகளை மட்டும் குறியிட்டு, கணக்கு வைத்திருப்பவரை அடையாளம் காணத் தேவையான விவரத்தோடு டி.டபிள்யூ.பி.க்குக் கொடுக்கும்.

4. எங்கே என்ன வாங்கினார், யாருக்குப் பணம் அனுப்பினார் என்ற பரிவர்த்தனை விவரங்களைக் கொடுக்கக் கூடாது. மதம், உடல்நலம் போன்றவற்றைக் காட்டும் தகவலும் கூடாது. தேவைக்கு மேல் கொடுக்கும் வங்கிக்கு அபராதம் உண்டு.

5. குறி விழுந்த பிறகு மேற்கொண்டு விசாரிப்பது டி.டபிள்யூ.பி.யின் வேலை. தொகையை நிறுத்துவது போன்ற முடிவை ஒரு மனித ஊழியர்தான் எடுப்பார் என்பது அமைச்சர்கள் கொடுத்த உறுதி.

6. ஆண்டுக்கு ஒருமுறை சுயேச்சையான ஒருவர் இதை ஆய்வு செய்து, அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும்.

இந்த அதிகாரம் இப்போதைக்கு மூன்று தொகைகளுக்கு மட்டும்: யுனிவர்சல் கிரெடிட், உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான ஈ.எஸ்.ஏ., பென்ஷன் கிரெடிட். ஸ்டேட் பென்ஷன் விலக்கப்பட்டுவிட்டது. எல்லா வங்கிகளிலும் ஒரே நாளில் தொடங்கப் போவதுமில்லை. சில வங்கிகளோடு ஆரம்பித்து, பார்த்துத் திருத்தி விரிவாக்குவதாகத் திட்டம்.

அதாவது, அரசு அதிகாரி ஒருவர் உங்கள் கணக்குக்குள் நுழைந்து மீன்கடைச் செலவைப் படிக்கப் போவதில்லை. இதைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டால் அரசின் விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதியதாகிவிடும். சிக்கல் இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

வரிசை தலைகீழாகிறது

பழைய சட்டத்தில் சந்தேகம் இருந்தால்தான் தேடல். புதிய முறையில் எல்லோரிடமும் தேடினால்தான் சந்தேகமே பிறக்கும். ஒரு வீட்டில் திருட்டுப் பொருள் இருப்பதாகத் தகவல் வந்து போலீஸ் அந்த வீட்டைச் சோதிப்பது வேறு, ‘தெரு முழுக்கப் பார்க்கிறோம், ஏதாவது கிடைத்தால் மட்டும் பேசுகிறோம்’ என்பது வேறு. இரண்டாவதில், எதுவும் கிடைக்காத வீடும் சோதிக்கப்பட்ட வீடுதான்.

அரசுத் தரப்பு இதற்குச் சொல்லும் பதில்: குறி விழாதவர்களின் விவரம் வங்கியை விட்டு வெளியே வருவதே இல்லை, அப்புறம் எங்கே அந்தரங்க மீறல்? இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2023 மசோதாவைவிட இப்போதைய சட்டம் நிச்சயமாகக் கட்டுப்பாடானது. ஆனால் வங்கி என்பது வாடிக்கையாளருக்கும் அரசுக்கும் நடுவில் நிற்கும் மூன்றாம் தரப்பு. அந்தத் தரப்பை அரசின் சோதனை வேலைக்கு நிரந்தரமாக அமர்த்துவதுதான் இங்கே நடக்கிறது. விவரம் வெளியே போகாவிட்டாலும் அந்த உறவு மாறிவிடுகிறது.

அந்த உறவுக்கு பிரிட்டன் சட்டத்தில் நூறு வயது. 1924ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் பதிவான டூர்னியர் வழக்கைத்தான் இன்றும் காட்டுவார்கள். ஒரு வாடிக்கையாளர் வங்கிக்கு 9 பவுண்டு சொச்சம் கடன் வைத்திருந்தார். வங்கி மேலாளர் அவருடைய முகவரியைத் தெரிந்துகொள்ள அவருடைய முதலாளிக்குத் தொலைபேசி செய்தார். பேச்சோடு பேச்சாக, இவருடைய காசோலை ஒன்று பந்தயம் கட்டும் புக்கியிடம் போயிருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். டூர்னியரின் வேலை போனது. வாடிக்கையாளரின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது வங்கியின் கடமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கில் நிறுவியது. நான்கு விலக்குகளையும் சொன்னது: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்களுக்கான கடமை இருந்தால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளர் சம்மதித்தால்.

புதிய அதிகாரம் முதல் விலக்கின் வழியே வருகிறது. சட்டம் கட்டாயப்படுத்துகிறது, ஆகவே வங்கிமேல் தவறில்லை. அப்படியானால் கேள்வி சட்டத்தை நோக்கியே திரும்புகிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு தனிவாழ்வை மதிக்கச் சொல்கிறது. வங்கி விவரங்களும் தனிவாழ்வுக்குள் அடங்கும் என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015இல் சான் மரினோ வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. அரசு தலையிடலாம், ஆனால் தலையீடு அவசியமானதாகவும் அளவானதாகவும் இருக்க வேண்டும். ‘அளவு’ என்ற இடத்தில்தான் இந்தச் சட்டம் ஒருநாள் நீதிமன்றத்தில் சோதிக்கப்படக்கூடும். நெதர்லாந்தில் நலத்தொகை மோசடியைக் கண்டுபிடிக்கப் பல தரவுகளைச் சேர்த்து அலசிய ‘சிரி’ என்ற அமைப்பை, இதே 8ஆம் பிரிவைக் காட்டி ஹேக் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் முடக்கியது.

குறி விழுந்தால் தப்பு என்று அர்த்தமா?

இல்லை. இந்த இடத்தில்தான் ஓய்வூதியர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பென்ஷன் கிரெடிட்டில் சேமிப்பு விதி இப்படி இருக்கிறது: முதல் 10,000 பவுண்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும், அல்லது 500இன் ஒரு பகுதிக்கும், வாரம் 1 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள். உங்களிடம் 12,300 இருந்தால் மிகுதி 2,300. அதற்கு 5 பவுண்டு. அதாவது வாரத்தொகையில் 5 பவுண்டு குறையும், அவ்வளவுதான். யுனிவர்சல் கிரெடிட்டில் 16,000 பவுண்டைத் தாண்டினால் தகுதியே போய்விடும். பென்ஷன் கிரெடிட்டில் அப்படி உச்சவரம்பு கிடையாது. ஆகவே 10,000 பவுண்டைத் தாண்டியவர் தகுதி இழந்தவர் என்று நினைப்பதே தவறு.

அந்த 10,000 வரம்பு 2009இல் வைத்தது. 16,000 வரம்பு 2006இல் வைத்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்புகள் அசையவில்லை. அப்போது ‘நல்ல சேமிப்பு’ என்றிருந்த தொகை இப்போது ஒரு சவ அடக்கச் செலவும் கூரை மராமத்தும் சேர்ந்தால் கரைந்துவிடும். வரம்பை உறையவைத்துவிட்டுக் கண்காணிப்பைக் கூர்மையாக்கினால், ஏமாற்றாதவர்களும் ஆண்டுக்காண்டு அதிகமாக வலையில் விழுவார்கள்.

சேமிப்பைப் பொறுத்தவரை வங்கிக்குத் தெரிவது கணக்கில் உள்ள தொகை மட்டும். அது யாருடையது, எதற்காக வந்தது என்பது தெரியாது. உதாரணமாக:

1. சீட்டுப் பணம். பிரிட்டன் தமிழர்களிடையே இன்றும் சீட்டு உண்டு. சீட்டை நடத்துபவர் ஓய்வு பெற்ற ஒரு அம்மாவாக இருந்தால், மாதாமாதம் எல்லோருடைய பணமும் அவர் கணக்கில் ஏறி இறங்கும். அவருடைய காசு அதில் கொஞ்சம்தான்.

2. கோயில், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம். பொருளாளர் தன் சொந்தக் கணக்கில் வசூல் பணத்தை வைத்திருப்பது நல்ல வழக்கமில்லை. ஆனால் நடக்கிறது.

3. கூட்டுக்கணக்கு. வயதான அப்பாவுக்கு உதவியாக மகன் பெயரையும் சேர்த்த கணக்கு. அதில் மகனுடைய சம்பளச் சேமிப்பும் கிடக்கும்.

4. விலக்கு அளிக்கப்பட்ட பணம். நிலுவையாக மொத்தமாக வந்த நலத்தொகை, விண்ட்ரஷ் இழப்பீடு (கரீபியன் முதலான இடங்களிலிருந்து முறையாக வந்தும் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தப்பட்டவர்களுக்கானது), நோய்த்தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கான இழப்பீடு போன்றவற்றைச் சேமிப்பாகக் கணக்கிட மாட்டார்கள். நிலுவைத்தொகைக்குப் பொதுவாக 12 மாதம் விலக்கு உண்டு.

5. பழைய மதிப்பீட்டுக் காலம். 2016 ஏப்ரலுக்கு முன்பே காலவரையற்ற மதிப்பீடு (ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டு மறுபடி கேட்காத ஏற்பாடு) பெற்ற, 75 வயது தாண்டிய சிலருக்குச் சேமிப்பு கூடினாலும் அதை அறிவிக்கும் கடமையே இல்லை. இப்படியொரு விதி இருப்பது பலருக்கு மறந்தே போயிருக்கும்.

மறுபுறம், ‘பிள்ளைகள் கணக்குக்கு மாற்றிவிடலாம்’ என்ற யோசனையும் வேலைக்கு ஆகாது. நலத்தொகைக்காகவே பணத்தைக் கைமாற்றினார் என்று தெரிந்தால், அந்தப் பணம் இன்னும் அவரிடமே இருப்பதாக வைத்துக் கணக்குப் போடும் விதி பல காலமாக இருக்கிறது.

இரண்டாவது அளவுகோல் வெளிநாட்டுத் தங்கல். பென்ஷன் கிரெடிட் வாங்குபவர் பொதுவாக 4 வாரம்வரை வெளியே இருக்கலாம். நெருங்கிய உறவினர் இறந்தால் 8 வாரம், சிகிச்சைக்காக என்றால் 26 வாரம்வரை. ஊருக்குப் போய்த் திருவிழா, கல்யாணம், காணி விஷயம் எல்லாம் முடித்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்புவது நம்மவர்களிடம் சகஜம். ஸ்டேட் பென்ஷனுக்கு அதனால் பாதிப்பில்லை. பென்ஷன் கிரெடிட்டுக்குப் பாதிப்பு உண்டு. அறிவிக்காமல் போனால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இந்த விதி புதிதில்லை. கண்டுபிடிக்கும் வழிதான் புதிது: வெளிநாட்டில் தொடர்ந்து பயன்படுத்தப்படும் வங்கி அட்டை அதைக் காட்டிக்கொடுக்கும். அட்டை எங்கே இருக்கிறது என்பதை வைத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று முடிவு செய்ய முடியாது என்பதும் உண்மை. அப்பாவின் அட்டையை ஊரில் பேரன் பயன்படுத்தினால் அப்பா வெளிநாட்டில் இருப்பதாகத்தான் தெரியும்.

முன்பு என்ன நடந்தது

குறி விழுந்தாலும் மனிதர் ஒருவர் பார்த்துத்தானே முடிவெடுப்பார் என்று சமாதானம் சொல்லலாம். அண்மைக்கால அனுபவம் அந்தச் சமாதானத்துக்குத் துணை நிற்கவில்லை.

வரித்துறை 2025இல் சுமார் 23,500 குடும்பங்களுக்குக் குழந்தைகளுக்கான உதவித்தொகையை நிறுத்திக் கடிதம் அனுப்பியது. உள்துறையின் பயணப் பதிவுகளின்படி அவர்கள் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பவில்லை என்பது காரணம். விடுமுறைக்குப் போய்விட்டு வந்து வீட்டில் இருந்தவர்களுக்கும் கடிதம் வந்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் வழியாகப் புறப்பட்டு, அயர்லாந்துக் குடியரசின் டப்ளின் வழியாகத் திரும்பியவர்களின் திரும்பும் பயணம் பதிவிலேயே இல்லை. நாட்டில்தான் இருக்கிறோம் என்று நிரூபிக்கும் சுமை பெற்றோர் தலையில் விழுந்தது. வரித்துறை மன்னிப்புக் கேட்டது. தன்னிடமே இருந்த சம்பளப் பதிவைச் சரிபார்த்திருந்தால் பலருக்கு அந்தக் கடிதமே போயிருக்காது.

வீட்டுவாடகை உதவியிலும் இதே கதை. ஆபத்தானவர் என்று கணினி முறை குறியிட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எந்தத் தவறும் இல்லாமல் விசாரிக்கப்பட்டார்கள் என்பது 2024இல் வெளிவந்தது. குறி விழுந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முறையாகவே வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

கேரர்ஸ் அலவன்ஸ் விவகாரம் வேறு மாதிரி. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் சம்பள வரம்பைச் சில பவுண்டுகள் தாண்டியதைக் காட்டும் தரவு டி.டபிள்யூ.பி.யிடம் வந்துகொண்டே இருந்தது. பல நேரங்களில் அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. வருடக்கணக்கில் கடன் ஏறி, கடைசியில் ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. தகவல் கையில் இருப்பதும் அதை நியாயமாகப் பயன்படுத்துவதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

ஓய்வூதியர்களுக்கே நடந்தது இன்னொன்று. டி.டபிள்யூ.பி.யின் சொந்தப் பிழையால் ஸ்டேட் பென்ஷன் குறைவாகக் கொடுக்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர், தொகை 100 கோடி பவுண்டுக்கும் மேல் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2021இல் எழுதியது. பெரும்பாலும் பெண்கள். சில பிழைகள் 1985வரை பின்னோக்கிப் போகின்றன. அதைக் கண்டுபிடிக்க எந்த வங்கியையும் கேட்கத் தேவையில்லை, கோப்புகள் எல்லாம் துறையின் அலமாரியிலேயே இருந்தன.

பணக்கணக்கு

அரசின் தரப்பில் உண்மையான பிரச்சினை இருக்கிறது, அதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. 2024-25இல் தகுதிக்கு மேல் கொடுக்கப்பட்ட நலத்தொகை 950 கோடி பவுண்டு என்று டி.டபிள்யூ.பி. மதிப்பிட்டது. மொத்தச் செலவில் 3.3 விழுக்காடு. இதில் மோசடி என்று வகைப்படுத்தியது சுமார் 650 கோடி. மீதி வாங்குபவரின் பிழை, துறையின் பிழை. பென்ஷன் கிரெடிட்டில் இந்த மிகைத்தொகைக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: சொல்லாத சேமிப்பு, சொல்லாத வெளிநாட்டுத் தங்கல். வங்கிக்குத் தெரிவதும் இந்த இரண்டும்தான். அதனால்தான் இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

புதிய சட்டம் முழுவதும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளில் 150 கோடி பவுண்டு மிச்சமாக்கும் என்பது அரசின் கணிப்பு. ஓராண்டுக்குச் சராசரியாக 30 கோடி. ஓராண்டு மிகைத்தொகை 950 கோடி என்ற இடத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கருவியின் அளவு புரியும். பயனில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் லட்சக்கணக்கான கணக்குகளைச் சோதிக்கும் ஏற்பாட்டுக்கு இது போதுமான விலையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பிழையின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பென்ஷன் கிரெடிட் கிடைப்பவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். ஒரு பேச்சுக்கு, நூற்றில் ஒருவருக்குத் தவறாகக் குறி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14,000 முதியவர்கள் தங்கள் கணக்கை விளக்கிக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஆங்கிலக் கடிதத்தைப் பேத்தி வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருக்கும் பாட்டிகளும் அதில் இருப்பார்கள்.

இன்னொரு விளைவு எந்தக் கணக்கிலும் வராது. பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வெட்கம், படிவத்தின் நீளம், ‘நமக்கெதுக்கு வம்பு’ என்ற தயக்கம். வங்கிக் கணக்கையும் பார்ப்பார்களாம் என்ற பேச்சு அந்தத் தயக்கத்தைக் கூட்டும். அப்படி விலகி நிற்பவர்களால் மிச்சமாகும் பணம் மோசடித் தடுப்பால் வந்தது ஆகாது.

யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை

ஸ்டேட் பென்ஷனை விட்டுவிட்டு பென்ஷன் கிரெடிட்டைப் பிடித்ததற்கு அரசு சொல்லும் காரணம் சரியானதே. ஸ்டேட் பென்ஷனில் சேமிப்பு விதியே இல்லை, மிகைத்தொகையும் மிகச் சொற்பம், எனவே சோதிக்க ஒன்றுமில்லை. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

ஆனாலும் விளைவைப் பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு முதியவர்கள். ஒருவர் ஸ்டேட் பென்ஷனோடு நல்ல தனியார் ஓய்வூதியமும் சேர்த்து வாங்குகிறார். மற்றவருக்கு ஸ்டேட் பென்ஷன் குறைவு, அதனால் பென்ஷன் கிரெடிட். முதலாமவர் கணக்கு இந்த வலைக்கு வெளியே. இரண்டாமவர் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும் உள்ளே. முதுமையில் நிதி அந்தரங்கம் எவ்வளவு மிஞ்சும் என்பதை வருமானம் தீர்மானிக்கிறது. 2023 மசோதாவுக்கு எழுந்த சத்தம் 2025இல் அந்த அளவுக்கு எழாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஓய்வூதியர்களில் பெரும்பான்மையினர் வெளியே விடப்பட்டார்கள், சத்தமும் அவர்களோடு போனது.

விலக்கு எத்தனை நாள் நிற்கும்? வேறு நலத்தொகைகளை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் முழுப் புதுச் சட்டம் தேவையில்லை, இரு அவைகளும் ஒப்புதல் தரும் ஒழுங்குவிதி போதும். ஸ்டேட் பென்ஷன் அந்தக் குறுக்குவழிக்கும் வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டுவரப் புதிய சட்டமே வேண்டும்.

இன்னொரு அதிகாரத்தோடு குழப்ப வேண்டாம்

கணக்கிலிருந்து நேரடியாகப் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்ற தகவலும் சுற்றுகிறது. அது இதே சட்டத்தின் வேறு பகுதி. துறைக்குக் கடன்பட்டு, இப்போது நலத்தொகையும் வாங்காமல், சம்பளப் பிடித்தம் செய்யும் வேலையிலும் இல்லாமல், வசதி இருந்தும் கட்ட மறுப்பவர்களுக்கானது. அதற்கு முன் கணக்கு அறிக்கைகளைப் பார்த்துக் கட்டும் வசதி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடன் 1,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், கடைசிப் படியாக நீதிமன்றத்தின் மூலம் ஓட்டுநர் உரிமத்தைத் தடைசெய்யவும் இடமுண்டு. தகுதி சரிபார்ப்பில் குறி விழுந்தவுடன் இதெல்லாம் நடக்காது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

1. ஸ்டேட் பென்ஷன் மட்டும் வாங்குபவர் இந்த நடவடிக்கைக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

2. பென்ஷன் கிரெடிட் வாங்குபவர் சேமிப்பு 10,000 பவுண்டைத் தாண்டினாலோ, 4 வாரத்துக்கு மேல் வெளிநாடு போவதாக இருந்தாலோ முன்கூட்டியே டி.டபிள்யூ.பி.க்குச் சொல்லிவிடுவது நல்லது. தொலைபேசியில் சொன்னால் தேதியைக் குறித்து வையுங்கள்.

3. சீட்டு, சங்கம், பிள்ளைகளின் பணம் ஆகியவற்றை நலத்தொகை வரும் கணக்கோடு கலக்க வேண்டாம். ஏற்கெனவே கலந்திருந்தால், யாருடைய பணம் எவ்வளவு என்று காட்டும் குறிப்பேடோ செய்தியோ இருக்கட்டும்.

4. தொகையைக் குறைத்தோ நிறுத்தியோ முடிவு வந்தால், ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே ஆகியவற்றின் உள்ளூர்க் கிளைகள் இலவசமாக உதவுகின்றன.

5. இந்தச் சோதனை வங்கிக்கும் துறைக்கும் இடையே நடப்பது. அதற்காக நீங்கள் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியதில்லை. ‘டி.டபிள்யூ.பி. சரிபார்ப்பு’ என்று சொல்லி கடவு எண் கேட்டு வரும் அழைப்பு திருடனுடையது. தொலைபேசியை வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்னால் உள்ள எண்ணில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.